ஸ்பேஸ் இன்வேடர்ஸ்: வீட்டுப் பதிப்புகள்

யப்பானின் தைட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய, காசு போட்டு ஆடும் விண்வெளிச் சுடும் விளையாட்டு. மூல யந்திரத்தில் வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசைகளில் 55 எதிரிகள். இன்டெல் 8080 செயலி ஒரு நேரத்தில் ஓர் எதிரியை மட்டுமே நகர்த்தியதால், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் விரைந்தார்கள். விளையாட்டின் உயிர் இந்த வேகமேற்றத்தில்தான் இருக்கிறது. ஆகவே வீட்டுப் பதிப்புகளைத் தலை எண்ணி மதிப்பிடுவது பிழை.

அடாரி 2600க்கு ரிக் மோரர் எழுதிய 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் எதிரிகள் 36 பேரே. நான்கு அரண்கள் மூன்றாகின. 128 பைட் நினைவகத்தில் முழுத்திரையைச் சேமிக்க வழியில்லை. படச்சில்லு தரும் இரு உருவங்களை மும்மூன்றாகப் பெருக்கலாம். ஆறு நிரல்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் வேகமேற்றம் தப்பியது. வன்பொருளின் வறுமையைச் சாட்டாகச் சொல்லலாமா என்று கேட்கலாம். அதைவிட வலிய அடாரி 800இல் ரொப் ஃபுலொப் செய்த பதிப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும்: எதிரிகள் இடப்பக்க ரொக்கெட்டிலிருந்து இறங்குகிறார்கள், அரண்களே இல்லை. வசதி கூடியும் விலகல் கூடியது. ஒளிந்து நின்று சுடும் உத்தி அதில் அற்றுப்போனதால், எண்ணிக்கைக் குறைவைவிட அந்த இழப்பே பெரிது. 1985இன் ஃபமிகொம் பதிப்பு மூலத்தை ஒட்டியே நடந்தது. ஆனால் அதற்குள் அதே வகை விளையாட்டான "கலாகா" வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.