கதைக்கு உருவம் தந்த ஓவியர் ஹென்றி போர்டு

கதை கேட்கும் குழந்தை அதனை எழுதியவர் யாரென வினவுவதில்லை. படம் வரைந்தவரையோ நினைப்பதே இல்லை. ஆயினும், கதையின் சொற்கள் மறந்த பின்னரும் நெஞ்சில் நிற்பது படமே. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு இளவரசியையும் அரக்கனையும் கண்முன் நிறுத்திய ஓவியர்களுள் ஒருவர் ஹென்றி ஜஸ்டிஸ் போர்டு.

1860ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்று 1882இல் முதல் வகுப்பில் தேறினார். எனினும், உள்ளம் ஓவியத்தையே நாடியது. இலண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியிலும், பின்னர்ப் புஷி என்னும் ஊரில் ஹெர்க்கோமர் நடத்திய கலைப்பள்ளியிலும் பயின்றார்.

1889இல் ஆண்ட்ரூ லாங் என்னும் அறிஞர் ‘நீலத் தேவதைக் கதை நூல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு ஜேக்கம் ஹூட் என்பவருடன் இணைந்து போர்டு படம் வரைந்தார். அடுத்த ஆண்டு வந்த சிவப்பு நூலில் லான்சலட் ஸ்பீட் உடன் வரைந்தார். 1892இல் வந்த பச்சை நூல் தொடங்கி 1910இல் வந்த இளஊதா நூல் வரை பத்துத் தொகுதிகளுக்கு அவர் ஒருவரே ஓவியர். ஒவ்வொன்றும் ஒரு நிறத்தின் பெயர் பூண்ட பன்னிரண்டு நூல்கள், இருபத்தோராண்டு உழைப்பு! இடையே, 1898இல் லாங் பதிப்பித்த அராபிய இரவுக் கதைகளுக்கும் அவரே படம் தீட்டினார்.

கதைகளோ பல நாட்டவை. பிரெஞ்சு, ஜெர்மானியக் கதைகளோடு கிழக்கத்திய கதைகளும் இடம்பெற்றன. 1907இல் வெளிவந்த தொகுதியில் பஞ்சாபில் திரட்டிய கதைகளும் உண்டு. இத்தனைக்கும் அவர் பெரிதும் நம்பியது கறுப்பு மைக்கோடுகளையே. ஆடை மடிப்பும் கூந்தல் நெளிவும் கடலலையும் அக்கோடுகளிலேயே உருப்பெற்றன. கோட்டோவியம் எழுத்தோடு ஒரே தாளில் அச்சேறக் கூடியது. ஆதலின், கதை நிகழும் இடத்திலேயே படமும் அமைந்தது; சொல்லும் கோடும் பிரியாது நின்றன.

அந்த நெருக்கமே அவர் பெயருக்குத் தடையாயிற்று எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ண அச்சு வளர்ந்தது. 1905இல் ஆர்தர் ராக்காமும் 1907இல் எட்மண்ட் டூலாக்கும் தனித்தாளில் அச்சிட்ட வண்ணப் படங்களுடன் விலையுயர்ந்த பரிசு நூல்களைப் படைத்தனர். அந்நூல்களை மக்கள் ஓவியர் பெயர் கருதியே வாங்கினர். போர்டின் நூல்களும் பிற்காலத்தில் வண்ணப்படம் பெற்றன. ஆனால், அவை என்றும் ‘லாங்கின் நூல்கள்’ என்றே வழங்கின.

இம்மறைவில் அவருக்குத் துணையும் உண்டு. அக்கதைகளுள் மிகப் பலவற்றை மொழிபெயர்த்துத் தந்தவர் லாங்கின் துணைவியார் லியோனோரா. இவ்வுண்மையை லாங்கே 1910ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். மொழிபெயர்த்தவர் ஒருவர், உருவம் தந்தவர் ஒருவர்; புகழோ தொகுத்தவருக்கு.

போர்டு 1941இல் மறைந்தார். 1960களில் அமெரிக்க டோவர் பதிப்பகம் அந்நூல்களை மீண்டும் அச்சிட்டபோது, அவருடைய படங்களையும் உடன் பதிப்பித்தது. கதையை மட்டும் தனித்தெடுக்க இயலாதவாறு கோடுகள் அதனோடு கலந்திருந்தன. மாணவர் கையில் ஒரு கதைநூலைத் தரும் ஆசிரியர், அட்டையில் உள்ள பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே ஓவியர் பெயரையும் படித்துக் காட்டுவாராயின், போர்டு போன்றோர்க்கு உரிய கடன் ஒரு சிறிதேனும் தீரும்.