கஜுல லட்சுமிநரசு செட்டியார்

இந்திய தேசிய காங்கிரஸ் 1885-ஆம் ஆண்டில் பம்பாயில் முதன்முதலாகக் கூடியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே சென்னைப் பட்டினத்தில் ஓர் அரசியற் சங்கம் தோன்றியது என்பதையும், கும்பினி ஆட்சியின் குறைகளை அது இலண்டன் பாராளுமன்றம் வரை எடுத்துச் சென்றது என்பதையும் நம்மிற் பலர் மறந்துவிட்டோம். அச்சங்கத்தை நிறுவியவர் வழக்கறிஞர் அல்லர். அரசாங்க உத்தியோகஸ்தரும் அல்லர். அவர் ஒரு வணிகர்.

கஜுல லட்சுமிநரசு செட்டியார் 1806-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். தந்தையார் துணியும் அவுரியும் வாணிகம் செய்தவர். மைந்தரும் அத்தொழிலிலேயே பெரும்பொருள் ஈட்டினார். 1837-இல் விக்டோரியா அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. ஈட்டிய பொருளைக் கொண்டு மாளிகை எழுப்பி மகிழ்ந்திருக்கலாம்; அவரோ 1844-ஆம் ஆண்டு அக்டோபரில் 'கிரெசன்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆள்வோர் படிக்கும் மொழியில் ஆளப்படுவோரின் குறையைச் சொல்ல வேண்டும் என்பதே அவர் கருத்து.

தொடக்கத்தில் அவர் கவனம் சமயத்தின்பாற் சென்றது. அரசாங்கப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்கும் யோசனை 1846-இல் எழுந்தபோது, அதை எதிர்த்துப் பொதுமக்களைத் திரட்டினார். ஆயினும் அவருடைய நோக்கு அவ்வளவில் நின்றுவிடவில்லை. சமயத்தைக் காக்கப் புறப்பட்டவர், நாளடைவில் உழவனின் வயிற்றையும் முதுகையும் காக்க முன்வந்தார். அவர் வரலாற்றில் நாம் பெரிதும் போற்றத்தக்க பகுதி இதுவே.

1852-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னைச் சுதேசிகள் சங்கம் பிறந்தது. கல்கத்தாவில் முந்திய ஆண்டு தோன்றிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாகவே அது முதலில் அமைந்தது. விரைவில் தனித்து நின்றது. காரணம் எளிது. வங்காளத்தில் நிலவரி ஜமீன்தார் வழியே சென்றது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலோ ரயத்துவாரி முறைப்படி ஒவ்வொரு குடியானவனும் அரசாங்கத்திற்கு நேரே வரி செலுத்தினான். அங்கே நிலக்கிழாரின் உரிமை பெரிது. இங்கே குடியானவனின் துயரே பெரிது. கும்பினியின் சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்படவிருந்த வேளையில், வரிச்சுமை, நீதிமன்றங்களின் தாமதம், சாலை, பாசனம், கல்வி ஆகியவற்றைப் பற்றிச் சங்கம் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் விடுத்தது.

வரி வசூலிக்கும் தாசில்தாரே அக்காலத்தில் போலீஸ் அதிகாரமும் பெற்றிருந்தார். பணம் கேட்டவரிடமே பாதுகாப்பும் கேட்க வேண்டிய நிலை. விளைச்சல் பொய்த்து வரி செலுத்த முடியாதவனின் விரல்களைக் கட்டைகளுக்கிடையே இறுக்கும் 'கிட்டி'யும், உடலை வளைத்துக் கயிற்றாற் கட்டி வெயிலில் வைக்கும் 'அண்ணாந்தாள்' தண்டனையும் வழங்கிவந்தன. ஊரறிந்த இச்செய்தியை இலண்டன் நம்பவில்லை.

சரக்கை நேரிற் காட்டாமல் விலை பேசலாகாது என்பதை வணிகர் அறிவார். 1853-இல் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று, துன்புற்றவர் வாயாலேயே உண்மையைக் கேட்கச் செய்தார். 1854 ஜூலையில் சீமோர் காமன்ஸ் சபையில் அதனை எடுத்துரைத்தார். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. சித்திரவதை நடந்தது உண்மையே என்று 1855-இல் அக்குழு அறிக்கை தந்தது.

அவ்வறிக்கை சுதேசிச் சிப்பந்திகளின்மீது பழியைச் சுமத்தியது; ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. கொடுமைக்கு வித்தான வரிச்சுமையும் உடனே இறங்கிவிடவில்லை. எனினும் பயன் இல்லாமற் போகவில்லை. வசூலும் போலீசும் ஒரே கையில் இருத்தலாகாது என்பது ஏற்கப்பட்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் தனிப் போலீஸ் இலாகா உருவாயிற்று.

அரசாங்கமே பின்னர் அவரை மதித்து, 1863-இல் சட்டசபை உறுப்பினராக நியமித்தது. ஆனால் பத்திரிகைக்கும் பொதுப்பணிக்கும் வாரி இறைத்த செல்வம் கரைந்துபோயிற்று. 1868-ஆம் ஆண்டு அவர் வறியவராகவே மறைந்தார்.

தமிழகத்துக்கு அப்பால் வெவ்வேறு மாநிலங்களில் வாழும் நாம் இவ்வரலாற்றில் மற்றொன்றையும் கருதலாம். 'காஜுலு' என்பது வளையல்களைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தெலுங்கு பேசிய குடும்பத்தில் தோன்றிய அவர், தமிழ்க் குடியானவன் என்றும் தெலுங்குக் குடியானவன் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. வாழும் ஊரின் துயரைத் தம் துயராகக் கொண்டார். வணிகக் கணக்கின்படி பார்த்தால், அவர் இறுதியில் நஷ்டப்பட்டவர்தாம். அந்த நஷ்டத்தின் மறுபக்கத்தில் வரவாக நிற்பது, கிட்டியினின்றும் விடுபட்ட குடியானவனின் கை.