சாய்ந்ததை நிமிர்த்தும் யுக்தி

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பார்கள். பாரி மாண்ட பிறகு, அவன் மகளைத் தக்க இடத்தில் மணம் செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த இடம் அது என்று ஊரார் சொல்கிறார்கள். அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் அந்தச் செய்தியைச் சொல்கிறது. பாறையின்மேல் சின்னஞ்சிறு கோயில் ஒன்று. எத்தனையோ வெள்ளம் வந்து போயிற்று. அது அப்படியே நிற்கிறது. காலடியில் கருங்கல் இருக்கும்போது அதற்கென்ன கவலை?

பாறையை விட்டு நாலடி தள்ளிக் கால் வைத்தால் மணல். கல்வராயன் மலைமேல் வீடு கட்டுகிறவனுக்குக் கடைகாலைப் பற்றி அவ்வளவு விசாரம் இல்லை. கீழே, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று தனிப்பெயர் பெற்றிருக்கும் சமவெளியில், ஆற்றோரம் கட்டுகிறவனுக்குத்தான் தூக்கம் பிடிக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். திருக்கோவிலூருக்கு மேற்கே, அகரம்பள்ளிப்பட்டில், திறப்பு விழா நடந்து மூன்று மாதமே ஆகியிருந்த பாலம் அந்த வெள்ளத்தோடு போயிற்று. பெண்ணையை ஏழை ஆறு என்று நினைப்பவர்கள் அன்று கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

மணலை ஜயிக்க நம் நாட்டார் கண்ட உபாயங்களில் ஒன்று கல்லணையில் இருக்கிறது. பெருங்கற்களை மணலில் போட்டு, அமிழும் மட்டும் அமிழவிட்டு, அவற்றின்மேல் மேலும் கற்களைப் போட்டார்கள். 1836-ல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் கடைகால் போடும் வித்தையை இந்நாட்டாரிடமிருந்தே தாங்கள் கற்றதாகப் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதினார்.

இன்னொரு உபாயம் கிணறு. குடிக்கிற கிணறு அல்ல. தரைமேல் ஒரு வளையத்தை வைத்து, அதன்மேல் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்தால், சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே கட்ட வேண்டியது. கெட்டித் தரை வந்ததும் உள்ளே நிரப்பி மூட வேண்டியது. சென்னை எழும்பூரில் 1818 முதல் 1821 வரை டி ஹாவிலாண்டு என்ற பட்டாளத்து இஞ்சினீயர் கட்டிய ஸ்காத்லாந்துத் திருச்சபைக் கோயில், புனித அந்திரேயா கோயில், சதுப்பு நிலத்தில் இப்படிப்பட்ட கிணறுகளின்மேல்தான் நிற்கிறது. சுமார் 150 கிணறுகள். 14 அடியிலிருந்து 50 அடி வரை ஆழம். இருநூறு வருஷம் கழிந்தும் அதன் உயர்ந்த கோபுரம் நேராகவே நிற்கிறது.

ஆனால் கிணறு ஒருபோதும் சமர்த்தாக இறங்குவதில்லை. ஒரு பக்கம் களி, மறுபக்கம் மணல். அல்லது விளிம்புக்கு அடியில் புதைந்து கிடக்கும் ஒரு மரம். உடனே தலை சாய்கிறது. மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார்; நூல் ஒரு வழி போகிறது, சுவர் ஒரு வழி போகிறது. தாழ்ந்த பக்கத்தைத் தூக்கிவிடத்தானே யாருக்கும் தோன்றும்? எத்தனையோ டன் பாரத்தை யார் தூக்குவது? அநுபவசாலி தாழ்ந்த பக்கத்தைத் தொடவே மாட்டார். உயர்ந்த பக்கத்து மண்ணை அதிகமாகத் தோண்டச் சொல்வார். அந்தப் பக்கமே பாரம் ஏற்றுவார். வெளிச் சுவரோரம் தண்ணீரைப் பீச்சி மண்ணின் பிடியைத் தளர்த்துவார். எந்தப் பாரம் சாய்த்ததோ அதே பாரம் நிமிர்த்தியும் கொடுக்கிறது. முதல் சில கஜங்களுக்குள் பார்த்துவிட்டால் சுலபம். ஆழம் போய்விட்டால் சங்கடம். பாலத்துக் கிணற்றுக்கு 80-க்கு 1 என்ற சாய்வுதான் இந்திய சாலைக் காங்கிரஸின் விதி தரும் சலுகை.

தோண்டுவதிலும் ஆபத்து உண்டு. கல்கத்தா ஹௌரா பாலத்துக்காக இராட்சதப் பெட்டிக் கிணறுகளை இறக்கியபோது, ஓர் இரவு அடிமண் திடீரென்று விட்டுக்கொடுக்க, அவ்வளவு பாரமும் இரண்டடி கீழே விழுந்தது. கிதர்பூரில் இருந்த பூகம்பமானி அதைப் பூகம்பம் என்றே பதிவு செய்ததாம்! கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. அத்தனைக்கும் பின் அந்தக் கிணறுகள் குறித்த இடத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் விலகாமல் போய் உட்கார்ந்தன.

நம் மேஸ்திரியின் சூத்திரம் இத்தாலிய நிபுணர்களின் கைக்கு வரத் தாமதமாயிற்று. 1930-களில் பைசா கோபுரத்தின் அடியில் 90 டன் சிமெண்டைச் செலுத்தினார்கள். கோபுரம் இன்னும் சாய்ந்தது. உயர்ந்த பக்கத்து மண்ணை எடுங்கள் என்று 1962-ல் டெர்ராசினா என்ற இஞ்சினீயர் சொன்னதைக் கேட்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் 1999-க்கும் 2001-க்கும் இடையில் 41 குழாய்களின் வழியாக வடபுறத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். உச்சி ஏறக்குறைய ஒன்றரை அடி திரும்பி வந்தது. அதற்குமேல் நிமிர்த்தவில்லை. நேரான கோபுரத்தைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?

பைல் கடைகாலில் நிற்கும் கட்டடம் சாய்ந்தால்தான் மெய்யான சோதனை. மண்ணுக்குள் ஆழமாக அடித்த தூண்கள் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மேல்மண்ணை எடுத்து என்ன பயன்? தூண்களைச் சுற்றியுள்ள மண்ணை இளக்கி விடுவதுண்டு. உயர்ந்த பக்கத்துத் தூண்களின் தலையை அறுத்து, ஜாக்கிகளின்மேல் மெள்ள இறக்குவதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2009-ல் முடிந்த 58 மாடி மில்லேனியம் கோபுரத்தின் பைல்கள் பாறையைத் தொடாமல் மணலிலேயே நின்றுவிட்டன. 2016-க்குள் அது 16 அங்குலம் புதைந்து சாய்ந்தும்விட்டது. பரிகார வேலை தொடங்கியபோது, 2021-ல், துளையிடுவதனாலேயே சாய்வு அதிகரிக்க, வேலையை நிறுத்தித் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று. முதலில் போட்ட கணக்கு 52 புதிய பைல்கள். முடிவில் 18 போதும் என்றார்கள். சுமார் 250 அடி ஆழத்துப் பாறை வரை அவற்றை இறக்கி, தாழ்ந்த இரண்டு பக்கங்களையும் அவற்றோடு பிணைத்து 2023-ல் முடித்தார்கள். உயர்ந்த பக்கங்களை மட்டும் கட்டவில்லை. அங்கே களிமண் இன்னும் சிறிது அமிழட்டும், கோபுரம் தன் பாரத்தாலேயே வருஷக்கணக்கில் நிமிரட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.