டேக்குக்கு ஒரு சென்னைத் தாத்தா

வெப்சைட் டெம்ப்ளேட்டில் கை வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். 1931ல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சதைப் பத்தி ஒரு பக்கம் இருக்குன்னு வெச்சுக்குங்க. அதை 'ரயில்வே'ல போடறதா, 'மின்சாரம்'ல போடறதா, 'தாம்பரம்'ல போடறதா? ஃபோல்டர்னா ஒரே இடம்தான். டேக்னா மூணையும் ஒட்டிடலாம். 2003ல் டெலிஷியஸ், 2004ல் ஃப்ளிக்கர், 2007ல் வேர்ட்பிரஸ் 2.3ன்னு டேக் பரவின கதை நம்மில் பலருக்குத் தெரிஞ்சதுதான்.

ஆனா டெலிஷியஸ் வர்றதுக்குச் சுமார் 80 வருஷம் முன்னாடியே இதே தலைவலி ஒரு சென்னை நூலகருக்கு வந்திருக்கு. அவர் எஸ். ஆர். ரங்கநாதன். பிறந்தது சீர்காழி, 1892. படிச்சது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இன்னைக்கு தாம்பரத்தில் இருக்கிற அதே கல்லூரிதான், ஆனா அது தாம்பரத்துக்குக் குடி வந்தது 1937ல். இவர் படிச்சப்போ பாரிமுனைப் பக்கம் இருந்தது. கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்த வேலைக்காகப் படிக்க லண்டன் போனார்.

அப்போ பெரும்பாலான நூலகங்களில் பிரபலம் டூவி முறை. 1876ல் வந்தது. பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வெச்ச எண்கள். புதுசா ரெண்டு விஷயம் கலந்த புத்தகம் வந்தா திண்டாட்டம்தான். லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ரங்கநாதன் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே நட்டு போல்ட்டு, மாத்தி மாத்தி மாட்டினா வேற வேற பொம்மை. பொறி தட்டிடுச்சு. புத்தகத்துக்கு ரெடிமேட் எண் எதுக்கு, துண்டு துண்டா வெச்சு மாட்டிக்கலாமே! மாட்டற போல்ட்டுதான் கோலன், அந்த ரெண்டு புள்ளி. 1933ல் 'கோலன் பகுப்புமுறை' அச்சில் வந்தது.

டேக் இதோட நேரடி வாரிசுன்னு சொல்ல வரலை. ஒன்றுவிட்ட தாத்தான்னு வெச்சுக்கலாம் :-) ஆனா தாத்தாகிட்ட இருந்த ஒரு ஒழுங்கு பேரன்கிட்ட இல்லை. ரங்கநாதனிடம் ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதில். எது? ரயில். என்ன செஞ்சாங்க? மின்மயமாக்கல். எங்கே? சென்னை. எப்போ? 1931. நம்ம டேக் பெட்டியில் இந்தக் கேள்வியே கிடையாது. அதனாலதான் 'தாம்பரம்', 'தாம்பரம் ரயில்', 'ரயில்', 'ரயில்வே'ன்னு நாலு டேக் முளைச்சு, நாலு பேர் எழுதினது நாலு மூலையில் கிடக்கு. தேடி வர்றவருக்குக் கிடைக்காத பக்கம் இருந்தும் இல்லாத பக்கம்தான். வாசகர் நேரத்தை மிச்சப்படுத்துன்னு நூலகத்துக்கு 1931லேயே விதி எழுதி வெச்சவர் இவர்.

கம்ப்யூட்டர் படிச்ச நாலு வருஷத்தில் இவர் பேரை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. டேட்டாபேஸ் பாடத்தில் அரை மணி நேரம் கொடுத்திருந்தாக்கூட போதும்.

அடுத்த தடவை டெம்ப்ளேட் போடும்போது ஒரே டேக் பெட்டிக்குப் பதிலா 'எதைப் பத்தி', 'எங்கே', 'எப்போ'ன்னு மூணு பெட்டி வெச்சுப் பாருங்க. வேர்ட்பிரஸ்னா கஸ்டம் டாக்ஸானமி போதும். ப்ளக்-இன் தேடி அலைய வேண்டாம்.