பாலையில் எளிய வாழ்வு: மிஸாப் பள்ளத்தாக்கின் ஆயிரம் ஆண்டுகள்

நகரங்களில் விலைவாசி ஏன் ஏறுகிறது என்ற வினாவுக்கு ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே விடை தேடியவர் இப்னு கல்தூன் (ரஹ்). தமது 'முகத்திமா'வில் இதற்கெனத் தனிப் பகுதியையே அவர் ஒதுக்கினார். மக்கள் நெருங்கி வாழும் பெருநகரில் தானியம் போன்ற அடிப்படைப் பொருள்கள் மலியும். ஆடம்பரப் பொருள்கள் விலையேறும். சிறிய ஊர்களிலோ நிலைமை தலைகீழாகும், உணவே அருமைப்பட்டுவிடும். பெருநகரில் நாளடைவில் ஆடம்பரங்களே அவசியங்களாகிவிடுவதால், பாலைவனத்து எளியவர் அங்கே குடியேறிக் காலந்தள்ள இயலாது என்பதும் அவர் கண்ட முடிவு.

இந்தக் கணக்கின்படி பாலைவனத்தின் நடுவே ஒரு நகரம் நிலைப்பதே அரிது. உணவுக்கும் விலை, நீருக்கும் விலை. ஆயினும் அல்ஜீரியாவின் தலைநகருக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மிஸாப் பள்ளத்தாக்கில், கர்தாயாவும் அதன் அண்டை ஊர்களுமாக ஐந்து ஊர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன. அங்கே சராசரி ஆண்டு மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. எளிய வருவாயினரும் அங்கு மானத்தோடு வாழ முடிந்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இவ்வூர்களை அமைத்தோர் இபாழிய்யாப் பிரிவினர். ஓமான் நாட்டில் இன்றும் செல்வாக்குடன் விளங்கும் அப்பிரிவினர், வட ஆப்பிரிக்காவில் தாஹர்த் நகரைத் தலைநகராகக் கொண்டு ருஸ்தமிய அரசை நடத்தி வந்தனர். இப்னு கல்தூன் 1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு ஸலாமா கோட்டையும் இதே வட்டாரத்தில்தான் இருந்தது என்பது நினைக்கத்தக்கது. ஹிஜ்ரி 296-இல் (கி.பி. 909) ஃபாத்திமியரிடம் தாஹர்த் வீழ்ந்தது. இபாழிகள் தெற்கே வர்கலாவுக்கு அருகிலுள்ள ஸத்ராத்தாவுக்குப் பெயர்ந்தனர். பின்னர், பிறர் எவரும் விரும்பாத மிஸாபின் பாறை நிலத்தைத் தேர்ந்தனர். அல்-அத்ஃப் ஊர் 1012-இல் தோன்றியது. பூ நூரா, கர்தாயா, மலீக்கா, பனீ யஸ்கன் ஆகியன 1350-க்குள் எழுந்தன.

முதற்கண் நீர். ஆற்றில் வெள்ளம் வருவது அபூர்வம். சில ஆண்டுகளில் அது வராமலே போகும். வரும்போதோ எல்லாவற்றையும் அடித்துச் செல்லும் வேகத்தோடு வரும். அவ்வெள்ளத்தை அணைகளால் தணித்து, கால்வாய்களில் திருப்பி, கல்சுவரில் அளந்து விட்ட துளைகளின் வழியே தோப்புகளுக்குப் பங்கிட்டனர். தோப்பின் அளவைப் பொறுத்துத் துளையின் அளவு அமைந்தது. பங்கீட்டைக் கண்காணிக்க 'உமனா' எனப்படும் நம்பிக்கைக்குரியோர் நியமிக்கப்பட்டனர். அணையில் தேங்கிய நீர் நிலத்தடியில் ஊறிக் கிணறுகளை நிரப்பியது. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்ட கிணறுகளில் சில 50 மீட்டர் ஆழத்தையும் தாண்டும். கிணற்றின் ஆழம் எவ்வளவோ, அதே நீளத்துக்குச் சரிவான பாதை அமைத்து, கழுதையையோ ஒட்டகத்தையோ அதில் நடத்தித் தோற்பையால் நீர் இறைத்தனர். இங்கே பொருள்களுள் விலையுயர்ந்தது நீர். அதைச் செல்வர் மட்டும் வளைத்துக்கொள்ள இயலாதவாறு விதி காத்தது.

அடுத்து வீடு. உள்ளூர்க் கல், 'திம்ஷம்த்' எனும் உள்ளூர்ச் சுண்ணம், காய்ந்துபோன பேரீச்ச மரத்தின் தண்டு ஆகியவையே கட்டுமானப் பொருள்கள். அண்டை வீட்டாரின் வெயிலை மறைக்கும் அளவுக்கு எவரும் வீட்டை உயர்த்தலாகாது. வெளிச்சுவரில் அலங்காரம் கூடாது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு எது வணிகர் வீடு, எது கூலியாளர் வீடு என்று தெரியாது. பள்ளிவாசலும் அவ்வாறே. அதன் மினாரா பாங்கு மேடையாகவும் காவற்கோபுரமாகவும் பயன்பட்டது. பள்ளியிலேயே தானியமும் ஆயுதமும் சேமிக்கப்பட்டன.

மூன்றாவது, சடங்குச் செலவு. பதினோராம் நூற்றாண்டில் அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பக்ர் வகுத்த 'ஹல்கா' முறையிலிருந்து வளர்ந்தது 'அஸ்ஸாபா' எனும் அறிஞர் அவை. மஹரின் உச்ச வரம்பு, திருமண விருந்து, நகை, ஆடை ஆகியவற்றுக்கு இவ்வவை எல்லை விதித்தது. பெண்களிடையே அவ்விதிகளைப் பேணியவர்கள், மையித்துகளைக் குளிப்பாட்டும் மூதாட்டிகளின் குழுவினர். அனாதைகளையும் விதவைகளையும் பராமரிக்கும் பொறுப்பு 'அஷீரா' எனும் குலத்தினுடையது. இஸ்ராஃபைக் கண்டிக்கும் குர்ஆனின் போதனை இங்கே மிம்பர் உரையோடு நின்றுவிடவில்லை. ஊர்ச் சட்டமாகவே உருப்பெற்றது. அவ்வரம்பு முதலில் கட்டுப்படுத்தியது செல்வரையே. வசதி படைத்தவர் பெருவிருந்து வைக்காதபோது, வசதியற்றவர் அதற்கு ஈடுகொடுக்கக் கடன்படத் தேவையில்லை அல்லவா?

எனினும் இச்சித்திரத்தை முழுமையாகவே காண வேண்டும். தோப்புகளின் விளைச்சல் மட்டும் மிஸாபைக் காக்கவில்லை. நீர் இறைக்கும் உழைப்பைக் கணக்கிட்டால் பேரீச்சந்தோப்பு பெரும்பாலும் நட்டத்தில்தான் நின்றது. ஆடவர் வடக்கத்திய நகரங்களுக்குச் சென்று மளிகையும் துணியும் விற்றனர். அவர்கள் அனுப்பிய பணமே தோப்பையும் கிணற்றையும் தாங்கியது. பெண்களோ பள்ளத்தாக்கை விட்டு வெளியேற அனுமதிக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் கணவரைப் பிரிந்து வாழ்ந்தனர். விதி மீறியவரை ஊர் விலக்கி வைத்தது. பனீ யஸ்கனில் அந்நியர் இரவு தங்கத் தடை இருந்தது. சிக்கனத்துக்கு இவ்வாறு வேறொரு விலையும் தரப்பட்டது. அதில் பெரும்பங்கு பெண்களின் தலையில் விழுந்தது என்றே நாம் கருதுகிறோம்.

1853-இல் கப்பம் செலுத்தித் தன்னாட்சியைத் தக்கவைத்துக்கொண்ட மிஸாப், 1882-இல் பிரெஞ்சு ஆட்சியில் இணைக்கப்பட்டது. இக்காலத்திலும் அதன் கல்வி மரபு ஓயவில்லை. 1914-இல் மறைந்த பேரறிஞர் முஹம்மத் இப்னு யூசுஃப் அத்ஃபய்யிஷும், அல்ஜீரிய தேசிய கீதத்தை யாத்த முஃப்தீ ஸக்கரிய்யாவும் பனீ யஸ்கன் ஈன்ற மைந்தர்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, மக்கள் பெருகினர். யுனெஸ்கோ 1982-இல் இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அதே காலத்தில் தோப்புகளிலும் ஆற்றுப்படுகையிலும் புதிய வீடுகள் எழுந்தன. 2008 அக்டோபரில் வந்த வெள்ளம் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2013 முதல் 2015 வரை இபாழிகளுக்கும் மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த அரபிகளுக்கும் இடையே மோதல்கள் மூண்டன. 2015 ஜூலையில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளே சமத்துவம் பேணிய ஒழுங்கு, அண்டையிலிருந்த மற்றொரு சமூகத்தைத் தன் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர இயலாமற்போனதை இங்கே வருத்தத்தோடு காண்கிறோம்.

பழைய முறை முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. பனீ யஸ்கனை நோக்கிய பாறைக் குன்றின்மீது 1997-இல் 'தாஃபிலால்த்' எனும் புதிய குடியிருப்பு தொடங்கப்பட்டது. தோப்பு நிலத்தைத் தொடாமல், உள்ளூர்க் கல்லும் சுண்ணமும் கொண்டு, சுமார் 870 வீடுகள் கட்டப்பட்டன. அரசின் உதவி, குடியேறுவோரின் பங்கு, சமூகத்தாரின் கூட்டுழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீடு எட்டியது. குடியேறுவோர் ஒரு பேரீச்சை, ஒரு பழமரம், ஓர் அழகு மரம் என மூன்று மரங்களை நட்டு வளர்க்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

இப்னு கல்தூன் கூறிய விலை ஏற்றத்தின் விதியை மிஸாப் மக்கள் பொய்ப்பிக்கவில்லை. ஆடம்பரம் அவசியமாக மாறும் அந்த ஒரு படியில் மட்டும் தடுப்புச்சுவர் எழுப்பினர். நீரைப் பங்கிடுவதில் காட்டிய நேர்மையும், விருந்தைச் சுருக்குவதில் காட்டிய உறுதியும் எந்த ஊருக்கும் ஏற்றவை. ஊரின் வாயிலை அடைக்காமலும், பெண்களின் மீது சுமையை ஏற்றாமலும் அவற்றைப் பேணுவது எவ்வாறு என்பதே மிஸாபின் வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் வினா.