ஒரு கிராமுக்கு 500 கிலோ சருகு

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி போடுகிறவர்கள் பூவுக்காகப் போடுவதில்லை. விதைத்த ஆறாம் மாதம் ஒரு முறை இலை உருவுவார்கள், ஒன்பதாம் மாதம் இன்னொரு முறை. ஓராண்டு முடிந்ததும் தரைக்கு மேல் நாலு விரல் விட்டுத் தண்டை அறுத்துவிட்டு, உழவு ஓட்டி வேரைப் பெயர்த்தெடுப்பார்கள். நிழலில் காய்ந்த இலை ஒரு மூட்டை, வேர் தனி மூட்டை. வேரிலிருந்து அஜ்மலிசின் என்ற இரத்த ஓட்ட மருந்து எடுக்கிறார்கள். இலை போவது புற்றுநோய் மருந்துக்கு. ஆடு மாடு வாய் வைக்காது, மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும். வேலி போடவும் தண்ணீர் பாய்ச்சவும் வசதியில்லாத நிலத்துக்கு ஏற்ற பயிர்.

அந்த இலை மூட்டைக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வின்பிளாஸ்டின். 46 கார்பன் அணுக்கள், 58 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 9 ஆக்சிஜன். இதில் ஒரு கிராம் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ சருகு வேண்டும். செடி ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறது என்பதற்கு இலைக்குள் போய்த்தான் பதில் தேட வேண்டும்.

செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்தும் கப்பல்வழியாகவும் வெப்பநாடுகள் எல்லாவற்றிலும் பரவியது. லின்னேயஸ் 1759இல் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் கேத்தராந்தஸ் ரோசியஸ். நம் ஊரில் கோயில் நந்தவனத்திலும் இருக்கிறது, சுடுகாட்டு மல்லி என்ற பெயரோடு சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கிறது.

இலைக்குள் வேலை இரண்டு இடங்களில் தொடங்குகிறது. இலை நரம்பின் உள்ளே, புளோயத்தை ஒட்டிய செல்களில், ஜெரானியோல் என்ற சிறு மூலக்கூறு உருவாகிறது. ரோஜாவின் வாசனையிலும் இதே ஜெரானியோல் உண்டு. நித்தியகல்யாணி அதை வாசனையாக விடுவதில்லை; ஒன்றன் பின் ஒன்றாக நொதிகளை ஏவி அதை மடக்கி, வளையமாக்கி, சர்க்கரை ஒட்டி, லோகானிக் அமிலமாக இலையின் புறத்தோல் செல்களுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே அது செக்கோலோகானின் ஆகிறது. இதற்கிடையில் அதே புறத்தோல் செல்லில் டிரிப்டோபான் காத்திருக்கிறது. பருப்பிலும் முட்டையிலும் நாம் சாப்பிடும் அதே அமினோ அமிலம்தான்; நம் மூளை இதிலிருந்து செரட்டோனின் செய்துகொள்கிறது. செடி அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி டிரிப்டமைன் ஆக்குகிறது.

இந்த இரண்டும் செல்லின் வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்குள் இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் பிறக்கிறது. உயிர்வேதியியலில் நான் மிகவும் மதிக்கும் மூலக்கூறுகளில் இது ஒன்று. மலேரியாவுக்கான குயினைன், எட்டி விதையின் ஸ்ட்ரிக்னைன், மேலே சொன்ன அஜ்மலிசின் என்று மூவாயிரத்துக்கு நெருக்கமான ஆல்கலாய்டுகள் வெவ்வேறு செடிகளில் இந்த ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. செடி அதைக் கையாளும் விதமும் எச்சரிக்கையானது. ஸ்ட்ரிக்டோசிடின் வாக்குவோலில் கிடக்கும். அதன் சர்க்கரையை வெட்டிவிடும் நொதி செல்லின் உட்கருவில் அடைபட்டிருக்கும். புழு ஒன்று இலையைக் கடித்தால் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கும். சர்க்கரை போனதும் மிஞ்சுவது புரதங்களைப் பற்றிக்கொண்டு குலைக்கும் ஒரு பொருள், அதாவது கடித்த வாய்க்கு விஷம்.

கடியே இல்லாத நாளிலும் சிறிதளவு ஸ்ட்ரிக்டோசிடின் முறைப்படி வெளியே வந்து, பல படிகள் கடந்து இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளையின் முடிவு கேத்தராந்தின். இன்னொரு கிளை டேபர்சோனின் வழியாக மேலும் ஏழு படிகள் ஏறி வின்டோலின் ஆகிறது. அந்த ஏழில் ஒன்று பசுங்கணிகத்தில் நடக்கிறது. கடைசிப் படிகள் இலைக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்து நிற்கும் சிறப்புச் செல்களில் நடக்கின்றன. கேத்தராந்தினும் வின்டோலினும் இலையில் தாராளமாகவே உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின். சேர்வதுதான் அரிது.

ஏன்? 2010இல் கனடிய ஆய்வாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள்: கேத்தராந்தின் இலையின் மேலுள்ள மெழுகுப் படலத்துக்குக் கடத்தப்படுகிறது, வின்டோலின் உள்ளேயே தங்குகிறது, அதனால் இரண்டும் சந்திப்பதே இல்லை. கேட்பதற்கு அவ்வளவு அழகான விளக்கம் என்பதால் பல கட்டுரைகளில் இன்றும் அதுவே முடிவான உண்மையாக வருகிறது. ஆனால் 2023இல் ஜெனாவின் மேக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இலையைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து அளந்து பார்த்தபோது, அதே சிறப்புச் செல்களுக்குள் இரண்டுமே மிகுந்த செறிவில் ஒன்றாகக் கிடந்தன. ஆக, இடைவெளி மட்டும் காரணமல்ல. இரண்டையும் இணைத்துவிடும் நொதி அங்கே போதுமான அளவில் வேலை செய்வதில்லை என்பது ஓர் எண்ணம். முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. அவிழாத முடிச்சை அவிழ்ந்ததாகச் சொல்வதைவிட இப்படிச் சொல்வதே செடிக்கு நாம் தரும் மரியாதை.

இந்த மருந்தைத் தேடி யாரும் புறப்படவில்லை. 1952இல் ஜமைக்காவிலிருந்து நித்தியகல்யாணி இலைகள் 25 ஓர் உறைக்குள் கனடாவின் டொராண்டோவுக்கு வந்தன. இன்சுலின் கிடைக்காதபோது ஜமைக்காவில் சர்க்கரை நோயாளிகள் இந்த இலையில் கசாயம் வைத்துக் குடித்தார்கள். உறை சேர்ந்தது கிளார்க் நோபிள் என்ற மருத்துவரிடம். 1921இல் இன்சுலின் ஆய்வை நடத்திய பேன்டிங்குக்கு உதவியாளர் யார் என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் சார்லஸ் பெஸ்ட்டிடம் தோற்றவர் இவர். கிளார்க் அந்த உறையைத் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் ஒண்டாரியோவின் லண்டன் நகரில், வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்.

கசாயத்தை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். சில நாளில் எலிகள் செத்தன. பெரும்பாலான ஆய்வகங்களில் வேலை அத்தோடு குப்பைக்குப் போயிருக்கும். ராபர்ட் நோபிள் செத்த எலிகளைத் திறந்து பார்த்தார். உடம்பெங்கும் நுண்கிருமித் தொற்று. வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்கு விழுந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வறண்டிருந்தது. வெள்ளணுவை இப்படி அழிக்கும் பொருள், வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்? அந்தக் கேள்வியில்தான் மருந்து பிறந்தது. 1954இல் வேதியியலாளர் சார்லஸ் பியர் சேர்ந்துகொண்டார். அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் படிகத்தை 1958இல் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடாவும் இர்விங் ஜான்சனும் அதே செடியைத் தனியாகச் சோதித்து, இரத்தப் புற்றுநோய் தாக்கிய சுண்டெலிகள் அதன் சாற்றில் நெடுநாள் உயிரோடிருப்பதைக் கண்டிருந்தார்கள்.

ஸ்வபோடா அதே சருகில் இன்னொன்றையும் பிரித்தார்: வின்கிரிஸ்டின். வின்பிளாஸ்டினில் ஒரு நைட்ரஜன் அணுவில் மீதைல் தொகுதி தொங்குகிறது. வின்கிரிஸ்டினில் அதே இடத்தில் ஃபார்மைல். மற்றபடி இரண்டும் ஒன்றே. மொத்த எடை 811இலிருந்து 825 ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் உடம்பில் வேற்றுமை பெரிது. வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை அமுக்கும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நரம்பைத் தாக்கும். மஜ்ஜையை விட்டுவைப்பதால்தான் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க முடிகிறது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரிக்கும் எமில் ஃப்ரேயும் அதை மூன்று மருந்துகளோடு சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தப் புகழை முழுவதும் நித்தியகல்யாணிக்குக் கொடுப்பது தவறு. பல மருந்துகள், பல ஆண்டுகள், பல்லாயிரம் குழந்தைகள் பங்கேற்ற சோதனைகள் சேர்ந்த வெற்றி அது.

சருகில் வின்கிரிஸ்டின் வின்பிளாஸ்டினைவிடவும் குறைவு. ஆகவே வின்பிளாஸ்டினைக் கடுங்குளிரில் குரோமிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்து வின்கிரிஸ்டின் ஆக்கும் வழி கண்டார்கள். பிரான்சில் வேதியியலாளர் பியர் போட்டியே இன்னும் ஒரு படி முன்னே போனார். இலையில் தாராளமாகக் கிடைக்கும் கேத்தராந்தினையும் வின்டோலினையும் 1970களில் குடுவையில் இணைத்துக் காட்டினார். செடி தயங்கும் அந்தக் கடைசி இணைப்பை மனிதர் செய்தார்கள். அந்த வேதியியலிலிருந்தே நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்கான வினோரெல்பின் வந்தது.

2018இல் ஆய்வாளர் சாரா ஓ'கானரின் குழு, செடி வின்பிளாஸ்டின் செய்யும் பாதையில் விடுபட்டிருந்த கடைசி நொதிகளைக் கண்டுபிடித்தது. 2022இல் ஜே கீஸ்லிங்கும் கூட்டாளிகளும் ஈஸ்டுக்குள் 34 வேற்று மரபணுக்களைப் புகுத்தி வின்டோலினையும் கேத்தராந்தினையும் செய்யவைத்தார்கள். கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. வயலுக்கு மாற்றாக அது போதாது. ஆனால் இந்த முயற்சி தேவையானதே. 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்து, குழந்தைகளின் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பேச்சு எழுந்தது. அப்படிப்பட்ட நிலையில் வேறொரு வழி இருப்பது நல்லது.

இனி மருத்துவமனை. வின்கிரிஸ்டின் சிறு குப்பியில், குளிர்பெட்டியில், வெளிச்சம் படாமல் காத்திருக்கும். ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 1.5 மில்லிகிராம் என்பது குழந்தைகளுக்கான வழக்கமான அளவு. எத்தனை பெரிய உடம்பானாலும் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. 500 கிலோ சருகுக்கு ஒரு கிராம் வின்பிளாஸ்டின், அது முழுவதும் வின்கிரிஸ்டினாக மாறுகிறது என்று வைத்தால் அந்த 2 மில்லிகிராமுக்குப் பின்னால் ஒரு கிலோ சருகு நிற்கிறது, இடையில் எதுவும் வீணாகாவிட்டால்.

நரம்புவழி, அதாவது இரத்த நாளத்தில் மட்டும்தான் ஏற்ற வேண்டும். தண்டுவட நீரில் தவறிப் போனால் உயிரைக் குடிக்கும். அதே நாளில் அதே குழந்தைக்கு முதுகில் போடும் வேறு மருந்தும் இருக்கலாம் என்பதால், ஊசிக்குழலில் எடுக்காமல் சிறு பையில் நீர்க்கச் செய்து ஏற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. குழலும் குழலும் மாறிப்போகாமல் இருக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

இரத்தத்தில் கலந்த மூலக்கூறு செல்லுக்குள் போய் டியூபுலின் என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கிறது. டியூபுலின் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாகும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுப்பவை அந்தக் குழல்கள்தான். இரண்டு டியூபுலின்களுக்கு நடுவே மூலக்கூறு ஆப்புப்போல் செருகிக்கொள்கிறது. நேராக நீள வேண்டிய கோவை வளைந்து சுருள்கிறது. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்க, இழுக்கக் குழல் இல்லை. செல் அங்கேயே தேங்கிச் சாகிறது. வேகமாகப் பிரிவது புற்றுச்செல் என்பதால் அடி முதலில் அதற்கு. முடியின் வேர்ச்செல்லுக்கும் உண்டு, அதனால் முடி உதிர்கிறது.

நரம்புச் செல் பிரிவதே இல்லை, ஆனாலும் அடிபடுகிறது. முதுகுத்தண்டிலிருந்து கால் பெருவிரல் வரை நீளும் ஒரு நரம்பிழையில் உணவும் நுண்ணுறுப்புகளும் இந்த நுண்குழல்கள் மேல்தான் பயணம் செய்கின்றன. நீளம் அதிகமுள்ள இழைக்குத்தான் முதல் பாதிப்பு. கணுக்காலைத் தட்டினால் அசையாது, விரல்நுனி மரத்துப்போகும், தாடை வலிக்கும், மலம் கட்டிக்கொள்ளும். சில குழந்தைகள் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டித் தட்டி நடப்பார்கள். பெரும்பாலும் மருந்தை நிறுத்திய பின் மெல்ல மெல்லச் சரியாகிறது, மாதக்கணக்கில்.

இதனால்தான் இலையைப் பறித்துக் கசாயம் வைத்துக் குடிக்கும்படி வரும் செய்திகளைக் கண்டால் எனக்குப் பதற்றம் வருகிறது. ஒரு பிடி இலையில் இருப்பது சிகிச்சைக்குப் போதாது, கூட வரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் என்ன செய்யும் என்று அளவிட முடியாது. உயிர் காக்கும் சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போட்டவர்களுக்கு நாள் திரும்பி வராது.

ஊசிவழி வந்த வின்கிரிஸ்டின் மூலக்கூறு கல்லீரலில் முடிகிறது. சிவைபி3ஏ என்னும் நொதிக் குடும்பம் அதை உடைக்க, பித்தத்தோடு குடலுக்கு இறங்கி, பெரும்பகுதி மலத்தில் வெளியேறும். சிறுநீரில் போவது கொஞ்சம்தான். அந்த நொதிகளை அடக்கிவிடும் மருந்துகள் நிறைய. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ரகோனசோல், வோரிகோனசோல் போன்றவை அவற்றில் முக்கியம். அவை கூடச் சேர்ந்தால் வின்கிரிஸ்டின் உடம்பில் தங்கிவிடும், நரம்புப் பாதிப்பு பல மடங்காகும். கீமோ நாட்களில் குழந்தைக்குப் பூஞ்சை மாத்திரையோ புதிதாக வேறு எதுவோ, நாட்டு மருந்தாக இருந்தாலும், கொடுக்கும் முன் புற்றுநோய் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.