பழைய வீடு விடுதியாகும்போது: புளியந்தீவில் தங்குவோருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு கையேடு

மட்டக்களப்பில் பிறந்து லண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் குடும்பங்கள் பல, ஊருக்கு வரும்போது இப்போது விடுதியில்தான் தங்குகின்றன. சிலருக்கு வீடு போரில் போய்விட்டது. சிலர் விற்றுவிட்டார்கள். வீடு இருந்தும், அதில் வேறு குடும்பம் வாடகைக்கு இருப்பதால் வெளியே அறை தேடுகிறவர்களும் உண்டு. இவர்களோடு கொழும்பிலிருந்து வேலைக்கு வருவோரும் வெளிநாட்டுப் பயணிகளும் சேர, நகருக்குள் நல்ல அறைக்கான தேவை கூடுகிறது.

பழைய ஓட்டு வீட்டை அழகாகப் புதுப்பித்து, நடுத்தர விலையில் அறைகள் விடும் முறை உலகின் பல பழைய நகரங்களில் வேரூன்றிவிட்டது. சீனாவின் லிஜியாங், மலேசியாவின் ஜோர்ஜ் ரவுன், நம் காலிக் கோட்டை ஆகியவை அதன் பெரிய உதாரணங்கள். புளியந்தீவு இப்போதுதான் அந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கிறது. ஆகவே தங்க வருபவர் எதைப் பார்க்க வேண்டும், வீடு வைத்திருப்பவர் எதைக் காக்க வேண்டும் என்று பேசுவதற்கு இது சரியான நேரம்.

புளியந்தீவு: சிறிய தீவு, நீண்ட வரலாறு

மட்டக்களப்பு நகரின் மையம் வாவிக்குள் இருக்கும் ஒரு தீவு. போர்த்துக்கேயர் 1628 இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள்; இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். பின்னர் அதே மதில்களுக்குள் கச்சேரி பல தலைமுறைகளாக இயங்கியது. காணி, பிறப்புப் பதிவு, ஓய்வூதியம் என்று எதற்குப் போனாலும் எங்கள் மக்கள் அந்தக் கோட்டை வாசலுக்குள்தான் நுழைந்தார்கள்.

1814 இல் வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, புனித மரியாள் பேராலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில் எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கல்லடிக்குப் போனால் 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், 2013 இல் திறந்த புதிய பாலமும் பக்கம் பக்கமாக நிற்கும். போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தைப் பேசிவந்த பறங்கியர் சமூகமும் இந்த நகருக்கு உரியது. தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் பேர் பெற்ற அவர்களில் பலர் வாழ்ந்த டச்பார் கரை, 2004 சுனாமியில் அழிந்தது.

பழைய வீடுகளுக்குப் பொதுவான ஒரு அமைப்பு உண்டு. முன்னால் அகலமான விறாந்தை, தடித்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, பின்பக்கம் கிணற்றோடு கூடிய வளவு. வாவிக் காற்று உள்ளே வந்து போவதற்கென்றே கட்டியவை அவை. விடுதி ஆக்கும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது இந்தக் காற்றோட்டத்தைத்தான்.

நடுத்தர விலை என்றால் எது?

மாவட்டத்தில் தங்குமிடங்களை மூன்று தட்டாகப் பார்க்கலாம். மேல் தட்டில், நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வடக்கே உள்ள பாசிக்குடாவின் கடற்கரை ஹோட்டல்கள். 2011 இல் மாலு மாலு திறந்த பிறகு அங்கே ஒன்றன் பின் ஒன்றாகப் பெரிய ஹோட்டல்கள் வந்தன. கரையில் தோணி கட்டிய மீனவர்கள் தங்கள் இடம் சுருங்கியதைப் பற்றிப் பேசுவது இன்னும் ஓயவில்லை. கீழ்த் தட்டில், பஸ் நிலையத்தை அண்டிய சாதாரண லொட்ஜுகள்.

நடுத் தட்டுத்தான் நம் பேச்சு. கல்லடியின் ரிவியேரா, உப்போடையின் ஈஸ்ட் லகூன் போன்றவை வாவியைப் பார்த்த பழகிய பெயர்கள். இவற்றோடு, வீட்டின் சில அறைகளை மட்டும் விடும் சிறு விருந்தினர் விடுதிகளும் ஹோம்ஸ்டேகளும் இருக்கின்றன. பழைய வீட்டின் அழகை வைத்து அறை விடுவது இந்தச் சிறு இடங்களால்தான் முடியும்.

அறை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பதிவு: 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் தங்குமிடங்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியப்பட வேண்டும். விருந்தினர் விடுதி, பூட்டிக் வில்லா, ஹோம்ஸ்டே எனப் பல வகைகள் உண்டு. பதிவு இருந்தால் முறைப்பாடு செய்ய ஓர் இடம் இருக்கிறது என்று பொருள்.

விலை: சொல்லும் தொகைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும், பதிவு பெற்ற பெரிய இடங்களில் 18 வீத வற் வரியும் சேரலாம். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். நாட்டின் பல ஹோட்டல்களில் உள்ளூர்வாசிக்கு ஒரு விலையும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலையும் இருக்கிறது. ஆனைப்பந்தியில் படித்த பெண்மணி, கனடியக் கடவுச்சீட்டைக் காட்டியதும் வெளிநாட்டுக்காரி ஆகிவிடுவார். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ கையில் வைத்திருப்பது நல்லது.

அறை: வெளிச்சமும் காற்றும் சன்னலால் வருகிறதா, குளிரூட்டியை மட்டும் நம்பியதா என்று பாருங்கள். வாவிக்கரை என்பதால் நுளம்பு வலை கட்டாயம். கிணற்று நீர் சில இடங்களில் உவர்க்கும். நகரின் குழாய் நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. குடிக்கும் தண்ணீர் எது என்று கேட்பதில் தவறில்லை.

சத்தம்: பழைய நகரில் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியும், ஆலய மணியும், பள்ளிவாசல் பாங்கும் கேட்கும். அதைக் குறையாக நினைப்பவருக்குப் பாசிக்குடாவே பொருத்தம்.

சாப்பாடு: காலையில் புட்டோ பாலப்பமோ, மத்தியானம் வாவி நண்டோ இறாலோ, கடைசியில் எருமைத் தயிரோ கிடைக்கிறதா? வெள்ளைப் பாணும் ஜாமும் மட்டும்தான் என்றால், அந்த விடுதியின் காசு பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை.

காலம்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, வெள்ளமும் வரும். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை வானம் தெளிவு. பாடும் மீன்களின் ஒலியைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போவோர் தேர்வதும் அந்த மாதங்களின் பௌர்ணமி இரவுகளைத்தான்.

லிஜியாங்: வீடு நின்றது, ஆட்கள் போனார்கள்

பழைய நகர விடுதி என்றதும் உலகப் பயணிகள் நினைப்பது தென்மேற்குச் சீனாவின் லிஜியாங். நாக்சி என்ற சிறுபான்மை இன மக்களின் ஊர். தெருவெங்கும் கால்வாய் ஓடும். ஒரே ஊற்றில் மூன்று தொட்டிகள் கட்டி, முதலாவதைக் குடிக்கவும், இரண்டாவதை மரக்கறி கழுவவும், மூன்றாவதைத் துணி துவைக்கவும் என்று பங்கிட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

1996 பெப்ரவரியில் பெரும் பூகம்பம் வந்தது. மர வீடுகளைப் பழைய முறையிலேயே திருத்தினார்கள். 1997 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் கிடைத்தது. பயணிகள் குவிந்தார்கள். முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாகின. வீட்டுக்காரர்கள் நல்ல வாடகைக்கு வெளியாருக்கு விட்டுவிட்டுப் புதிய நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். வணிகமயமாதல் பற்றிக் கவலை எழுந்து, 2008 இல் யுனெஸ்கோவின் குழு நேரில் போய் ஆராய்ந்தது. கூரையும் கதவும் கால்வாயும் அப்படியே இருக்கின்றன. தொட்டியில் மரக்கறி கழுவிய குடும்பங்கள்தான் அங்கே குறைந்துவிட்டன.

இதில் வன்முறை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவரும் எவரையும் துரத்தவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு இலாபமான முடிவைத்தான் எடுத்தது. எல்லா முடிவுகளும் கூடியபோது ஊர் காலியானது. குண்டுக்கும் சுற்றிவளைப்புக்கும் பயந்து வீட்டை விட்ட நமக்கு, இது இடப்பெயர்வின் இன்னொரு வகை என்று விளங்கும்.

பினாங்கும் காலியும்

ஜோர்ஜ் ரவுன், சீன வணிகர்களின் கடைவீடுகள் வரிசையாக நிற்கும் நகரம். நம்மவர்களுக்கும் அது அந்நியமல்ல. 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் தமிழ்க் கடைகளும் அதன் நடுவில் இருக்கின்றன. அங்கே பழைய குடியிருப்பாளரைக் காத்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது நீக்கப்பட்டு 2000 ஆம் ஆண்டோடு பாதுகாப்பு போனதும், குறைந்த வாடகையில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008 இல் உலக மரபுரிமைத் தகுதி வந்தபின் விடுதிகள் பெருகின. ஆயினும் சியொங் ஃபாட் ட்ஸே என்ற வணிகரின் நீல மாளிகையைப் பழைய கைவினை முறைகளில் புதுப்பித்த விதம் 2000 இல் யுனெஸ்கோ விருது பெற்றது. பழைய வீட்டைக் கெடுக்காமல் அறை விட முடியும் என்பதற்கு அது சான்று.

காலிக் கோட்டை 1988 இலேயே உலக மரபுரிமை ஆனது. அங்கே வெளிநாட்டவர்கள் வீடுகளை வாங்கிப் பூட்டிக் ஹோட்டல்கள் ஆக்கினார்கள். விற்ற குடும்பங்களுக்குக் காசு கிடைத்தது. மீண்டும் கோட்டைக்குள் வாங்க அந்தக் காசு போதவில்லை.

புளியந்தீவு வீட்டுக்காரருக்கு

மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். ஆகவே பல பழைய வீடுகளின் உறுதி, இன்று வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் பேரில் இருக்கிறது. முடிவு அவருடையது என்பதைத் தம்பிமாரும் தரகர்களும் மறக்கக்கூடாது. அற்றோர்னித் தத்துவம் கொடுப்பதானால், வாடகைக்கு விட மட்டும் அதிகாரம் தருவதாக எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அதைக் காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். எழுத்தில்லாமல் பிறர் கையில் 10 வருடம் கிடக்கும் காணிக்கு ஆட்சியுரிமை வழக்கு வரலாம். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் போர்க்கால இழப்பாளருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்தது. அது கணக்கில் எடுத்தது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை. இன்று வாய்ச்சொல்லில் விடும் வீட்டுக்கு அது உதவாது.

விற்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமைக்கும் வாரிசுரிமைக்கும் விலக்கு உண்டு. அதாவது இன்று விற்றால், நாளை மனம் மாறினாலும் திரும்ப வாங்குவது இலகுவல்ல.

திருத்தும்போது சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில வருடங்களில் பூச்சு உரியும். விறாந்தையைக் கண்ணாடியால் அடைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் ஒரு பகுதியிலாவது குடும்பமோ உறவினரோ குடியிருக்கட்டும். முதல் இல்லாத குடும்பங்களுக்கும், கணவரை இழந்து குடும்பத்தை நடத்தும் பெண்களுக்கும் ஓரிரு அறை ஹோம்ஸ்டே பொருந்தும். விடுதி நடத்தாதவர்களுக்கும் சமையல், சலவை, தோணிப் பயணம் ஆகியவற்றில் வேலை கிடைக்கும்.

சுவரில் எந்தக் காலம்?

மரபுரிமை விடுதிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒல்லாந்தர் காலத்து வரைபடத்தைச் சட்டமிட்டு மாட்டுவார்கள். வெள்ளைக்காரத் துரையின் படம் இருக்கும். அதன்பின் வரலாறு நேரே இன்றைய காலை உணவுக்கு வந்துவிடும். புளியந்தீவின் வீடுகளுக்கு 1978 சூறாவளி நினைவிருக்கிறது. சோதனைச் சாவடிகள் நின்ற பாலங்கள், எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகப் பயந்த நாட்கள், சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வாடகைக்கு வந்த வருடங்கள், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு ஆகிய எல்லாவற்றையும் அவை கண்டிருக்கின்றன.

விருந்தினரிடம் துயரக் கதை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. ஆனால் வீடு இருந்த காலம் முழுவதையும் மறைத்துவிட்டு அதன் பழமையை மட்டும் விலைக்கு வைத்தால், வீட்டில் வாழ்ந்தவர்கள் இரண்டாம் தடவையும் வெளியேற்றப்படுகிறார்கள். 1990 இல் இந்த வீட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று விருந்தினர் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அறை எடுக்கும்போது அந்தக் கேள்வியையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள்.